முதுகு காட்டி நின்றவன்

எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று கேட்டால் மனுஷன் என்ன சொல்வான்? மருராய் டாக்டரின் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் லெமொய்ன் பிரான்சில் பிறந்தவள் என்றாலும் தாஹித்திக்கு வந்து தலை நரைத்துப் போனவள். தலைநகர் பப்பேத்தே மீன் சந்தையில் பேரம் பேசத் தெரியும், நோயாளியிடம் சுற்றி வளைக்கத் தெரியாது. ஒரு தாளில் கோணல் மாணலாகப் படம் போட்டுக் காட்டினாள்.

"மூத்திரப் பைக்கு அடியில எலுமிச்சங்காய் மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. புராஸ்டேட். புத்து அதுக்குள்ளதான் இருக்கு, வெளிய பரவல. அதனால வெட்டியும் எடுக்கலாம், கதிர் வச்சும் எரிக்கலாம். உங்க நிலைமைக்கு ரெண்டுலயும் பலன் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா உங்க இதய வால்வை வச்சுக்கிட்டு இங்க மயக்கம் குடுக்கப் பயப்படுறாங்க. வெட்டணும்னா பிரான்சுக்குத்தான் போகணும். கதிருன்னா இங்கயே. வாரத்துல அஞ்சு நாள், ரெண்டு மாசம் போல. கத்தி கிடையாது, வலி கிடையாது, வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம்."

"பின்னாடி என்ன ஆகும்?" என்று ரெபேதா கேட்டாள். மருராயின் மனைவி. பேச வேண்டிய இடத்தில் புருஷன் வாயை மூடிக்கொள்வான் என்று தெரிந்ததால் எப்போதும் பக்கத்து நாற்காலியில் இருப்பவள்.

"வெட்டினா கொஞ்ச நாள் மூத்திரம் ஒழுகும். கதிருன்னா எரிச்சல் இருக்கும், அடிக்கடி ஓட வேண்டி வரும். எதைச் செஞ்சாலும் ஆண்மை குறையலாம்."

"அதை விடுங்க டாக்டர். அது போன மழைக்காலத்துலயே கரையேறிப் படுத்தாச்சு," என்றாள் ரெபேதா.

டாக்டர் சிரித்தாள். மருராய் சிரிக்கவில்லை. பிரான்சுக்குப் போகிற விமானம் அவர் காதில் இரைந்துகொண்டிருந்தது. கதிர் என்ற சொல்லோ அவர் முதுகுத்தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் தெமாரியைக் கொன்றன. அவருடைய மச்சான், ரெபேதாவின் ஒரே அண்ணன்.

மருராயும் தெமாரியும் மீசை முளைத்த கையோடு "அங்கே" வேலைக்குப் போனவர்கள். தீவின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை, "அங்கே" என்றால் போதும். பிரெஞ்சுப் படை கடலுக்கு நடுவே ஒரு பவளத்தீவில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த காலம். கொப்பரை காய வைத்துக்கொண்டிருந்த பையன்களுக்குக் கை நிறையச் சம்பளம், குளிர்ந்த பீர், பூட்ஸ். வெடிக்கிற நாளில் எல்லாரையும் கப்பலில் ஏற்றித் தூரத்தில் நிறுத்துவார்கள். மேல்தளத்தில் வரிசையாக நிற்க வேண்டும். சங்கு ஊதியதும் வெடிக்கிற திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முழங்கையை மடக்கிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடின கண்ணுக்குள்ளும் வெளிச்சம் வரும். பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல், "முடிந்தது, திரும்பலாம்" என்று சொல்லும். அப்புறம்தான் திரும்பி, வானத்தில் நிற்பதைப் பார்க்கலாம். தெமாரி ஒவ்வொரு தடவையும் விசிலடிப்பான். பீர் பாட்டிலைப் பல்லால் திறந்து முன்பல்லைப் பாதியாக உடைத்துக்கொண்டவன், அந்தச் சந்து வழியாக அவன் விசில் கப்பல் முழுக்கக் கேட்கும்.

ஊர் திரும்பி இரண்டு மழைக்காலம் கூட முடியவில்லை. ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. ரத்தத்தில் புற்று என்றார்கள், பிரான்சுக்கு அனுப்பினார்கள். ஊரை விட்டுப் போகிறவருக்குச் சிப்பி மாலை, வருகிறவருக்குப் பூமாலை என்பது தாஹித்தி வழக்கம். விமான நிலையத்தில் ரெபேதா அண்ணன் கழுத்தில் சிப்பி மாலைகளை அடுக்கினாள். மாங்காய் பழுக்கும்போது வந்துவிடுவேன் என்றான். மாங்காய் பழுக்கும் முன்னால் பெட்டி வந்தது. மூடி முத்திரை வைத்த பெட்டி, திறக்கக் கூடாது என்றார்கள். வருகிறவன் ஆயிற்றே என்று ரெபேதா பூமாலையோடு நின்றாள், கழுத்தைத் தேடிப் பார்த்துவிட்டுப் பெட்டியின் மூலையில் போட்டாள். முகத்தைப் பார்க்காமலே வீட்டு முற்றத்தில் புதைத்தார்கள். தகரக் கூரை போட்ட அந்தக் கல்லறையைச் சுற்றிக்கொண்டுதான் இன்றைக்கும் துணி காயப்போட வேண்டும்.

அன்றிலிருந்து மருராய் இருட்டில் தூங்கியதில்லை. துப்பாபாவு என்கிற பேய் வெளிச்சத்துக்கு வராது, வீட்டில் ஒரு விளக்காவது எரிய வேண்டும் என்று செத்தவர்களுக்கு அஞ்சுகிற எல்லாத் தாஹித்திக்காரரும் செய்வதுதான். ஆனால் ஊரார் வரக்கூடிய பேய்க்குப் பயந்து விளக்கு வைத்தார்கள், இவர் வந்துகொண்டிருக்கிற பேய்க்கு வைத்தார். மண்ணெண்ணெய் தீர்ந்த ராத்திரிகளில், பிற்பாடு மின்சாரம் போன ராத்திரிகளில், தெமாரி கட்டில் காலடியில் வந்து நிற்பான். அரைக்கால் சட்டை, வெறும் முதுகு, இடது தோள்பட்டையில் பச்சை குத்திய ஆமை. முழங்கையை மடக்கிக் கண்ணைப் பொத்திக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நிற்பான். பேசமாட்டான். விடியும் வரை அப்படியே நிற்பான். அந்த முதுகைப் போலப் பயங்கரமான ஒன்றை மருராய் பார்த்ததில்லை. கப்பலில் கையெட்டும் தூரத்தில் நின்ற இவன் மட்டும் ஏன் பிழைத்தான் என்று கேட்கத்தான் வருகிறான், ஒருநாள் கூட்டிக்கொண்டு போவான் என்று அவர் நம்பினார்.

"கதிருதான்," என்றார் மருராய் கடைசியில். "பிளேன் வேணாம். செத்தாலும் கால் நம்ம மண்ணுல இருக்கட்டும்."

"யாரு சாகப் போறாங்க? குணமாக்கத்தானே இவ்வளவும்," என்றாள் டாக்டர்.

"அங்கயும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாங்க, அம்மா."

டாக்டருக்குப் புரிந்தது. அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

*

முதலில் குறி வைத்தார்கள். கதிர் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக இடுப்பின் இரு பக்கமும் அடிவயிற்றிலும் ஊசியால் மூன்று புள்ளி. குத்தியவள் ஹெய்ராணி, அந்த எந்திரத்தை இயக்குகிற பெண். கல்யாணமாகாத வயசு, காதில் தியாரே பூ.

"இவ்வளவுதானா?" என்றார் மருராய், குனிந்து பார்த்து. "பச்சை குத்துறதை உலகத்துக்கே சொல்லிக்குடுத்த சாதி நாம. கொசு கடிச்ச மாதிரி மூணு புள்ளியை வச்சு அனுப்புற. வெளிய சொன்னா வெக்கம்."

"வேணும்னா கடைசி நாள் சுத்தி ஒரு சுறா வரைஞ்சு விடுறேன் தாத்தா."

"அந்த இடத்துல சுறாவா? ரெபேதா பயப்படுவா."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் அவள் சட்டைப் பையில் மாட்டியிருந்த சின்ன வில்லையை மருராய் பார்த்தார். 

"அது என்னம்மா?"

"இதுவா? எங்க மேல எவ்வளவு கதிர் படுதுன்னு காட்டும். மாசா மாசம் அனுப்பிப் பார்ப்பாங்க."

"தெரியும். நானும் மாட்டியிருந்தேன்."

ஹெய்ராணி சிரிப்பை நிறுத்தினாள். "உங்களுக்கு என்ன கணக்கு வந்துச்சு தாத்தா?"

"எங்ககிட்ட எங்க சொன்னாங்க."

முதல் நாள் வைத்தியம் ஒரு வியாழக்கிழமை. மூத்திரப் பை நிரம்பியிருக்க வேண்டும், அப்போதுதான் குடல் மேலே தள்ளி நிற்கும், கதிர் வேண்டாத இடத்தில் படாது என்று சொல்லியிருந்தார்கள். தங்கள் ஊரான தௌதிராவிலிருந்து பப்பேத்தேக்கு வருகிற வழியில் ரெபேதா பிக்கப்பை ஓட்டிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் குடித்தார். நகருக்குள் நுழைந்ததும் வண்டிகள் எறும்பு ஊர்வது போல ஊர்ந்தன.

"ரெபேதா, முட்டுது."

"அடக்கு. எங்கப்பன் வீட்டுக் கூரை ஒழுகுறப்ப ராத்திரி பூரா அடக்கிக்கிட்டுப் படுத்திருந்த ஆளுதானே நீ, வெளிய பேய் நிக்குதுன்னு."

அது உண்மைதான். அவர் அடக்கிக்கொண்டார்.

எந்திரம் இருந்த அறைக்குப் போகிற பாதை வளைந்து போயிற்று. சுவர் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தடிமன். கதவு கப்பல் கதவு மாதிரி கனம். உள்ளே குளிர். கூரையில் யாரோ மேகம் தவழும் வானத்தைப் படமாக ஒட்டியிருந்தார்கள், நோயாளி மல்லாந்து பார்த்து மகிழட்டும் என்று. வானத்தில் மேகத்தைப் பார்த்து மகிழ்கிறவன் வேறு ஆள். மருராய் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹெய்ராணியும் இன்னொருத்தனும் அவரை மேடையில் படுக்க வைத்து, விளக்கைக் குறைத்தார்கள். சுவரிலிருந்து பச்சைக் கோடுகள் வந்து அவர் இடுப்புப் புள்ளிகளில் விழுந்தன. அங்குலம் அங்குலமாக நகர்த்திச் சரி பார்த்தார்கள்.

"அசையாம இருங்க தாத்தா. நாங்க வெளிய போறோம், கேமராவுல பார்த்துக்கிட்டே இருப்போம். கையைத் தூக்கினா ஓடி வந்துடுவோம்."

"எல்லாரும் போறீங்களா?"

"ஆமா தாத்தா. உள்ள யாரும் இருக்கக் கூடாது."

காலடிச் சத்தம் தேய்ந்தது. கதவு மூடத் தொடங்கியது. அது மூடும்போது எச்சரிக்கையாக ஒரு சங்கு ஊதியது. அரையிருட்டில், மேடையின் காலடியில், ஆமை குத்திய முதுகு நின்றது.

மருராய் எதையும் யோசிக்கவில்லை. உடம்பு தானாகவே செய்தது. சடாரென்று புரண்டு, எந்திரத்துக்கு முதுகைக் காட்டி, முழங்கையை மடக்கிக் கண்ணைப் பொத்திக்கொண்டார். எழுபதை நெருங்கும் கிழவர், அந்த ஒடுங்கின மேடையில், கப்பல் தளத்துப் பையனாகச் சுருண்டு கிடந்தார். மூத்திரம் தொடை வழியாக ஓடியது.

கதவு உடனே திறந்தது. கதிர் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. ஹெய்ராணி ஓடி வந்தாள், ஒரு வார்த்தை கேட்காமல் துவாலையைக் கொண்டுவந்து மூடினாள்.

மறுநாளும் அதேதான். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார், தொடையில் பட்டை கூடக் கட்டச் சொன்னார். சங்கு ஊதியது. பட்டையோடு சேர்த்துப் புரண்டார்.

டாக்டர் லெமொய்ன் அவரைத் தன் அறையில் உட்கார வைத்தாள். ரெபேதாவும் இருந்தாள்.

"தினமும் மயக்க மருந்து குடுத்து உங்களைப் படுக்க வைக்க முடியாது, இதயம் தாங்காது. அந்தக் கதவுச் சத்தத்தையும் நிறுத்த முடியாது, உயிர் காக்குற சத்தம் அது. அசைஞ்சா கதிர் குடல்ல படும். திங்கட்கிழமை இன்னொரு தரம் பார்ப்போம். முடியலன்னா வற்புறுத்த மாட்டேன், பிளேனுக்கு ஏற்பாடு பண்ணிடுறேன். ஆனா ஒண்ணும் செய்யாம விட்டுட மட்டும் கூடாது. இது மெதுவா வர்ற சாதிப் புத்து இல்ல."

"வால்வோட பிளேன் ஏறி, அங்க வெட்டி, திரும்பி வருவேனா?" என்றார் மருராய்.

"வர்றவங்கதான் அதிகம்."

ரெபேதா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவள் எதை நினைக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது பெட்டி. அவர் இந்த மேடையில் அசையாமல் கிடந்தால் வீட்டில் இருப்பார், இல்லையென்றால் சிப்பி மாலை போட்டுக்கொண்டு போவார். அவ்வளவுதான் விஷயம்.

*

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் ரெபேதா வெள்ளை உடுப்பைக் கூட மாற்றவில்லை. தொப்பியைக் கழற்றி அண்ணன் கல்லறை மேல் வைத்துவிட்டு அதன் விளிம்பிலேயே உட்கார்ந்தாள். கையில் தேங்காய்ப்பாலில் பிசைந்த மீன் ஒரு கிண்ணம். மருராய்க்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய்.

"யோவ், கேக்குறதுக்கு நேரா பதில் சொல்லு. அங்க படுத்திருக்கறப்ப எங்கண்ணன் வர்றானா?"

அவர் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியும். இல்லன்னா நீ ஊசிக்குப் பயப்படுற ஆளா, மெஷினுக்குப் பயப்படுற ஆளா?" கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷமா எனக்கு வயிறு எரியுது, தெரியுமா உனக்கு? கூடப் பொறந்தவ நான். அழுதவ நான். அவன் வர்றது உன்கிட்ட. நீயோ விளக்கைப் போட்டு விரட்டுற. வெளிச்சத்துல தூங்கித் தூங்கி என் கண்ணே கெட்டுப்போச்சு. ஒரு நாளாவது விளக்கை அணைச்சு அவனைப் பாக்க விட்டிருப்பியா?"

"மின்சாரம் போன ராத்திரியெல்லாம் நீயும் பக்கத்துலதானே இருந்த."

"இருந்தேன். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். என் கண்ணுக்குத் தெரியல." அவர் பக்கம் திரும்பினாள். "எப்படி இருப்பான்? முகம் எப்படி இருக்கு? கடைசியில மெலிஞ்சு போயிருந்தானா?"

மருராய் இதுவரை அவளிடம் சொல்லாததை அன்று சொன்னார். முகத்தைத் தானும் பார்த்ததில்லை, அவன் எப்போதும் முதுகைக் காட்டி, கண்ணைப் பொத்திக்கொண்டுதான் நிற்பான் என்று. முழங்கையை மடக்கி எப்படி என்று காட்டினார். அது கப்பல் தளத்தில் நிற்கிற நிலை என்றும் சொன்னார்.

ரெபேதா வெகுநேரம் அந்த மடங்கின கையையே பார்த்தாள்.

"அப்புறம் என்ன பண்ணுவீங்க? அங்க, கப்பல்ல. எவ்வளவு நேரம் அப்படி நிப்பீங்க?"

"முடிஞ்சுது, திரும்பலாம்னு மைக்குல சொல்ற வரைக்கும்."

"அவனுக்கு யாராவது சொன்னாங்களா?"

"என்னது?"

"முடிஞ்சுதுன்னு. எங்கண்ணனுக்கு யாராவது சொன்னாங்களாய்யா? பாஷை புரியாத ஊர்ல செத்தான். பெட்டியை மூடினாங்க. இங்க கொண்டுவந்து குழியில வச்சோம், பாதிரி ஜெபம் பண்ணாரு, பாட்டுப் பாடினோம். யாராவது அவன்கிட்ட போய், தெமாரி, முடிஞ்சுதுடா, திரும்புன்னு சொன்னோமா? அவன் சொன்ன பேச்சுக் கேக்குற பையன். சொல்ற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருப்பான்."

கோழி ஒன்று கிண்ணத்தில் வாய் வைத்தது. இருவரும் அதை விரட்டவில்லை. அவன் தன்னைப் பழிவாங்க வரவில்லை என்று இவள் சொல்கிறாளா என்று மருராய் யோசித்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை, "மச்சான்" என்று ஒரு வார்த்தை, தான் கூப்பிட்டதில்லை என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. செத்தவனுக்குப் பயப்படலாம். மச்சானைக் கூப்பிடாமல் இருந்தது அநியாயம்.

*

திங்கட்கிழமை ரெபேதா அவர் கழுத்தில் மாலை எதுவும் போடவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் கொடுத்தாள்.

மேடையில் படுத்தார். பச்சைக் கோடுகள் புள்ளிகளில் விழுந்தன. ஹெய்ராணி அவர் தோளைத் தொட்டாள்.

"தாத்தா, இன்னிக்கு விளக்கை நல்லா போட்டே வைக்கிறேன். குறி பாத்தாச்சு, இருட்டு தேவையில்ல. உங்களுக்குப் பயமில்லாம இருக்கும்."

இதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். வெளிச்சம் வரும், வெளிச்சத்தில் அவன் வரமாட்டான். சங்கு மட்டும் ஊதும். சங்குக்கு உடம்பு திரும்பாது என்று என்ன நிச்சயம்?

"வேணாம்மா. குறைச்சே வை. அவன் வரட்டும்."

அந்தப் பெண்ணும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. யார் என்று அவள் கேட்கவில்லை. அவள் கையில் மயிர்க்கூச்செறிந்தது அவருக்கே தெரிந்தது. விளக்கைத் தொடாமல் வெளியே போனாள்.

காலடிச் சத்தம் தேய்ந்தது. கதவு அசைந்தது. சங்கு ஊதத் தொடங்கியது. காலடியில் ஆமை முதுகு வந்துவிட்டிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. தோளில் வியர்வை கூடத் தெரிந்தது. மருராயின் இடுப்பு தானாகத் திரும்ப முயன்றது. முழங்கை மடங்கத் துடித்தது. அவர் இரண்டு கையாலும் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.  கப்பலில் ஒலிபெருக்கிக்காரன் சொன்ன அதே பிரெஞ்சு வார்த்தைகள் நாக்கு நுனிக்கு வந்தன, அவர் அவற்றை விழுங்கினார். தங்கள் பாஷையில் சொன்னார்.

"மச்சான். முடிஞ்சுதுடா. திரும்பு."

கதவு மூடிக்கொண்டது. சங்கு நின்றது.

தெமாரியின் முழங்கை மெல்ல இறங்கியது. வெகுகாலம் மடக்கி வைத்திருந்த கை நீள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு அவன் திரும்பினான்.

எந்திரம் முனகிக்கொண்டு மருராயைச் சுற்றத் தொடங்கியது. ஒரு பக்கம் வந்தது, தலைக்கு மேல் போயிற்று, மறுபக்கம் இறங்கியது. கதிர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, வலியில்லை, சூடில்லை. எல்லாரும் வெளியே போய்விட்ட அந்த அறையில், யாரும் இருக்கக் கூடாது என்று சொன்ன அறையில், அவனுக்கு மட்டும் இனி ஒரு கெடுதலும் இல்லை. அவன் நின்றான். மருராய் கண் இமைக்கவில்லை. அசைந்தால் அந்த முகம் போய்விடும் என்று பயந்தார், அந்தப் பயத்தில் கல்லாய்க் கிடந்தார். கண்ணீர் மட்டும் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. அதை அசைவு என்று எந்திரம் கணக்கில் எடுக்கவில்லை.

கதவு திறந்தது. ஹெய்ராணி கைதட்டிக்கொண்டே வந்தாள், பாதி வழியில் கையை நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு இம்மி அசையல தாத்தா. மைக்குல கேட்டுச்சு. உள்ள யாருகிட்ட பேசுனீங்க?"

"என் மச்சான். ரொம்ப நாளா நின்னுக்கிட்டிருந்தான்."

அவள் மேடையின் காலடிப் பக்கம் பார்த்தாள். பிறகு அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து அவரை இறக்கிவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் சட்டைப் பையில் வில்லைக்குப் பின்னால், பேய் அண்டாமலிருக்க வைக்கிற ஔத்தி இலை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அது வேறு கதை.

மருராய் முதலில் கழிப்பறைக்கு ஓடினார், அது நோயாளியின் முதல் கடமை. பிறகு வெளியே வந்தார். ரெபேதா பிக்கப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டி ஓடாமலே பிடித்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"படுத்தியா?"

"படுத்தேன்."

"பிளேன்?"

"வேணாமாம். நாளைக்கும் வரணும். தினமும் வரணும்."

அவள் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்து மூச்சு விட்டாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"அவன்?"

"திரும்புனான்."

  ரெபேதா தன் முன்பல்லை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"பாதிதான் இருந்துச்சு," என்றார் மருராய். "சிரிச்சான், சந்து தெரிஞ்சுது. மெலியல ரெபேதா. ரத்தமெல்லாம் இல்ல. சின்னப் பையன். நம்ம பேரப்பிள்ளை வயசுதான் இருக்கும். என்னையப் பாத்து யாருடா இந்தக் கிழவன்னு முழிச்சான், அப்புறம் அடையாளம் கண்டுகிட்டான்."

அவள் அழுதாள். அந்தப் பெட்டி வந்த நாளில் அழுததை விட அதிகமாக, பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வண்டியைக் கிளப்பினாள். 

வீடு சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கடல் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது, முற்றத்துக் கல்லறையின் தகரம் கறுத்துவிட்டது. விளக்குப் போடுகிற நேரம். மருராய் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். ரெபேதா சுவரருகே போய் ஸ்விட்சின் மேல் கை வைத்தாள், வைத்த கையை எடுத்தாள். வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் திரும்பிவிட்டான், இனி வருவானோ என்னவோ என்று சொல்ல மருராய்க்கு மனம் வரவில்லை. தனக்குக் கிடைத்தது இவளுக்குக் கிடைக்காமல் போகலாம். அவளுடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அறை முழுக்க இருட்டியது.

ரெபேதா கட்டிலின் காலடிப் பக்கம் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள். "விளக்கு போடல. வா."